உச்சா முதல் சிறுநீர் வரை: கழிப்பறைச் சொற்களைக் குழந்தைக்குக் கற்றுத்தரும் முழுமையான வழிகாட்டி

குழந்தையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் பை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர்க் குப்பி, மாற்று உடை எல்லாம் தயாராகிவிடும். அவசரம் வந்தால் அங்கே என்ன சொல்லிக் கேட்பது என்பதை மட்டும் பல வீடுகளில் சொல்லி அனுப்புவதில்லை. வீட்டில் 'மூச்சா' என்று பழகிய குழந்தைக்கு, வகுப்பில் மற்றவர்கள் கேட்கும் 'ஒன் பாத்ரூம்' என்னவென்றே விளங்காது. கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முடியாதபோது உடை நனைந்துவிடும். பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழும். இவ்வளவும் ஒரு சொல் கைவசம் இல்லாததால் வருவது.

இன்னொரு பக்கம், நான்கு வயதானதும் அதே குழந்தை 'பீ' என்று உரக்கச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். விருந்தினர் முன்னால் பெற்றோருக்கு முகம் சிவந்துவிடும். அடிப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்று தெரியாமல் திணறுவார்கள். சொல் இல்லாத துன்பத்துக்கும், சொல் மிகுந்துபோன தொல்லைக்கும் சேர்த்துத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் அளவுகோல்

இந்த விஷயத்துக்குத் தமிழில் இலக்கணமே உண்டு. 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்து, வேறு சொல்லால் சொல்ல வேண்டும் என்பது பொருள். பின்னால் வந்த நன்னூல் இதை இடக்கரடக்கல் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்த்தது. 'கால் கழுவி வந்தான்' என்ற எடுத்துக்காட்டைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம்.

தொல்காப்பியம் அத்தோடு நிற்கவில்லை. 'மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்' என்று இன்னொரு நூற்பாவும் இருக்கிறது. வழக்கில் பழகிவிட்ட சொல்லை மறைக்கத் தேவையில்லை என்கிறது அது. ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் போன்ற விலங்குக் கழிவின் பெயர்களை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழந்தை வளர்ப்புக்குத் தேவையான அளவுகோல் கிடைத்துவிடுகிறது. எந்தச் சொல்லும் தன்னளவில் கெட்டதல்ல. எந்த அவையில், யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பதுதான் அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது. குழந்தைக்கு வீடு ஓர் அவை, வகுப்பறை ஓர் அவை, மருத்துவமனை இன்னோர் அவை. ஒவ்வொன்றுக்கும் உரிய சொல்லை அதன் கையில் கொடுப்பதே நம் வேலை.

படி 1: உங்கள் வீட்டில் புழங்கும் சொற்களைக் கவனியுங்கள்

ஒரே வீட்டிலேயே அம்மா ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார், ஊரிலிருந்து வந்த பாட்டி வேறொன்று சொல்வார். பேசத் தொடங்கும் குழந்தை இவை எல்லாம் ஒன்றுதான் என்று புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆகும். அதனால் முதலில் என்னென்ன சொற்கள் காற்றில் இருக்கின்றன என்று பாருங்கள்.

மழலைச் சொற்களில் சிறுநீருக்கு உச்சா, மூச்சா, சூச்சூ, சூசூ ஆகியவை பரவலாக வழங்குகின்றன. மலத்துக்கு ஆய், ஆயி, கக்கா. உதடு குவித்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலியெழுப்பிக் குழந்தையைப் போகவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஒலியின் சாயல் சூச்சூவில் அப்படியே கேட்கிறது. மூச்சா, கக்கா என்று இரட்டித்து வரும் ஒலிகள் பல் முளைக்கும் வயதில் வாய்க்கு எளிதாக வருகின்றன. மழலைச் சொல் அநாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குச் 'சிறுநீர்' என்ற சொல்லைத் திணித்தால், வாய் திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அடுத்தது எண்ணால் மறைக்கும் சொற்கள்: ஒன்றுக்கு, இரண்டுக்கு. ஊர், சாதி, வகுப்பு என்று பாராமல் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரிகிற இணை இதுதான். கூச்சமில்லாமல் யாரிடமும் சொல்லலாம். நகரத்துப் பள்ளிகளில் இதுவே 'ஒன் பாத்ரூம்', 'டூ பாத்ரூம்' ஆகியிருக்கிறது.

இடத்தால் மறைக்கும் சொற்கள் மூன்றாவது வகை. வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், காட்டுப் பக்கம் போதல், ஒதுங்குதல் என்று ஊருக்கு ஊர் மாறும். வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத காலத்தின் சொற்கள் இவை. இன்று கொல்லையே இல்லாத அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு தாத்தா 'கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்பார். குழந்தை தோட்டத்தைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போகும். தாத்தாவைத் திருத்த வேண்டாம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று குழந்தையிடம் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

அறையின் பெயரே காரியத்தின் பெயராகிவிட்ட வேடிக்கையும் இங்கே நடந்திருக்கிறது. நகரத்துக் குழந்தைகள் 'பாத்ரூம் வருகிறது' என்றால் சிறுநீர், 'டாய்லெட் வருகிறது' என்றால் பெரும்பாலும் மலம். கக்கூஸ் என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. வந்த புதிதில் பழைய சொல்லின் கூச்சத்தை மறைத்த அந்நியச் சொல், பழகப் பழகத் தானும் கூச்சத்துக்குரியதாகிவிட்டது. பிறகு லெட்ரின் வந்தது, டாய்லெட் வந்தது, பாத்ரூம் வந்தது. இப்போது அலுவலகங்களில் ரெஸ்ட்ரூம் என்கிறார்கள். கழிப்பறை, கழிவறை என்ற நல்ல தமிழ்ச் சொற்கள் பொது இடங்களின் பலகைகளில் இருக்கின்றன. குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அவற்றைக் காட்டி அடையாளம் சொல்லிக்கொடுங்கள். அவசரத்தில் பலகையைப் படிக்கத் தெரிந்த குழந்தை யாரையும் கேட்காமலே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இலங்கையில் பலகையில் 'மலசலகூடம்' என்று இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் சிறுநீருக்குச் 'சலம்' என்பார்கள். உறவினர் வீட்டுக்கு அங்கே போகும் குழந்தைக்கு இதை முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம்.

கடைசியாக, மறைக்காத சொற்கள்: மூத்திரம், பீ, குசு. இவற்றில் பீ பழைய தமிழ்ச் சொல். மூத்திரம் வடமொழியிலிருந்து வந்தது. அகராதியில் இவற்றுக்கு எந்த இழிவும் இல்லை. ஆனால் பேச்சில் கரடுமுரடாகக் கேட்கின்றன. எழுத்திலும் மருத்துவத்திலும் சிறுநீர், மலம் என்பதே வழக்கு. இதே மலம் என்ற சொல் சைவ சித்தாந்தச் சொற்பொழிவில் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமாக வரும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவை மாறினால் சொல்லின் நிறம் மாறிவிடுகிறது.

படி 2: வீட்டுக்கு ஒரே இணையைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றரை வயதுவாக்கில், குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம் தொடங்கும் முன்பே, சிறுநீருக்கு ஒரு சொல், மலத்துக்கு ஒரு சொல் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டி, வேலைக்கு வரும் அக்கா, வார இறுதியில் வரும் சித்தப்பா உட்பட எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

எந்தச் சொல் என்பது உங்கள் விருப்பம். ஆனால் வீட்டில் வழங்கும் வேறு சொற்களோடு அது மோதக் கூடாது. பாட்டியை 'ஆயா' என்று அழைக்கும் வீட்டில் 'ஆய்' சரிவராது. அங்கன்வாடியில் உதவிக்கு இருப்பவரையும் 'ஆயா' என்று கூப்பிடும் குழந்தை குழம்பிப்போகும். கொஞ்சம் வளர்ந்ததும் அதை வைத்தே கேலியும் தொடங்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கக்கா நல்லது. அதே கக்கா, தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் பொருந்தாது. அங்கே அண்ணனைக் 'காக்கா' என்று மரியாதையாக அழைப்பார்கள். ஓர் எழுத்தின் நீட்சியில் அண்ணன் அவமானப்பட்டுவிடுவார். அங்கே ஆய் பாதுகாப்பானது. இரண்டுமே இடித்தால், தொடக்கத்திலிருந்தே ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று பழக்கிவிடலாம். பள்ளியில் சொல்லை மாற்ற வேண்டிய தேவையும் வராது என்பதால் எனக்கு மிகப் பிடித்த வழி இதுவே.

வீட்டார் மட்டுமே அறிந்த செல்லச் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். 'பாப்பாவுக்கு மழை வருகிறது' என்று சொல்லிப் பழக்கிய குழந்தை பக்கத்து வீட்டில் அதைச் சொன்னால், அவர்கள் சன்னல் வழியே வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

படி 3: பெயரோடு வினையையும் சொல்லிக்கொடுங்கள்

பெற்றோர் பெயர்ச்சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலையைச் செய்வது வினைச்சொல். 'உச்சா' என்று மட்டும் குழந்தை சொன்னால், வரப்போகிறதா, வந்துகொண்டிருக்கிறதா, வந்தே முடிந்துவிட்டதா என்று தெரியாது.

கற்றுக்கொள்ளும் வரிசையும் தலைகீழானது. குழந்தை முதலில் நனைத்துவிட்டுச் சொல்லும். அடுத்து, நனைக்கும்போது நின்ற இடத்திலேயே உறைந்து உங்களைப் பார்க்கும். அதற்குப் பிறகே, வருவதை முன்கூட்டி உணர்ந்து சொல்லும். நனைத்துவிட்டு வந்து சொல்லும் குழந்தையைப் 'போன பிறகு சொல்லி என்ன பயன்' என்று திட்டாதீர்கள். உடலில் நடப்பதற்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பை அது கண்டுபிடித்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். 'உச்சா போய்விட்டாயா? சொன்னது நல்லது. வரும்போதே சொன்னால் ஓடிப் போய்விடலாம்' என்று சொல்லி உடையை மாற்றுங்கள்.

நீங்களும் மூன்று நிலைகளையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள். குழந்தை நெளிவதைப் பார்த்தால் 'உச்சா வருகிறதா?' உட்காரவைத்ததும் 'உச்சா போகிறாய்.' முடிந்ததும் 'போய்விட்டாய், கழுவிவிடலாம்.' சில வாரங்களில் 'வருகிறது' என்ற சொல் தானாக நாவில் வந்துவிடும். 'முட்டுகிறது', 'அவசரம்' ஆகியவற்றையும் மூன்று வயதில் சேர்த்துக்கொடுங்கள். பஸ்ஸில் போகும்போது சற்று நேரம் தாங்குமா, உடனே இறங்க வேண்டுமா என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

நாகரிகம் வினையிலும் இருக்கிறது. 'ஒன்றுக்குப் போகிறேன்', 'ஒன்றுக்கு இருந்துவிட்டு வருகிறேன்' ஆகியவை யார் காதிலும் உறுத்தாது. அதே பெயரோடு 'அடித்தல்' சேர்ந்தால் தெருப் பேச்சாகிவிடும். வளர்ந்த பையன்களிடம் இது தொற்றிக்கொள்ளும். 'போய்விட்டு வருகிறேன் என்று சொல்' என ஒரு முறை சொன்னால் போதும். பாடம் எடுக்க வேண்டாம்.

நேரத்தையும் பழக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் பெருங்குடல் அசைவது இயல்பு. காலை உணவுக்குப் பிறகு அமைதியாகச் சில நிமிடங்கள் உட்காரவைத்து 'இரண்டுக்கு வருகிறதா என்று பார்ப்போம்' என்று சொல்லலாம். மேல்நாட்டு முறைக் கழிப்பறையானால் கால்கள் அந்தரத்தில் தொங்காதபடி பாதத்துக்குக் கீழே ஒரு முக்காலியை வையுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவவும், எல்லாக் குழந்தைகளுக்கும் முடிந்ததும் சோப்பால் கை கழுவவும் இந்தச் சமயத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

படி 4: பெரியவர்கள் கைவிட வேண்டிய சொற்கள்

குழந்தையின் நாக்கைத் திருத்தும் முன் நம் நாக்கைப் பார்க்க வேண்டும். உள்ளாடையை மாற்றும்போது வரும் 'ச்சீ', 'கருமம்', 'நாற்றம் பிடித்தவனே' எல்லாம் நம்மிடமிருந்துதான் போகின்றன. இவற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது 'அசிங்கம்'. மலத்துக்கும் அசிங்கம் என்கிறோம், மானக்கேடான செயலுக்கும் அசிங்கம் என்கிறோம். 'அசிங்கம் செய்துவிட்டாயா?' என்று ஒவ்வொரு நாளும் கேட்கும் குழந்தைக்குத் தன் உடலில் நடப்பதே தவறு என்று தோன்றிவிடும். தவறு என்று நினைத்ததை ஒளிப்பது குழந்தையின் இயல்பு. கதவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் போய் நின்று மலம் கழிக்கும் குழந்தைகளையும், நாள் கணக்கில் அடக்கிவைத்துக்கொள்ளும் குழந்தைகளையும் பார்க்கிறோம். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகினால் வலிக்கும். வலித்ததால் மறுபடி அடக்கும். இந்தச் சுழலில் சிக்கிய குழந்தையை மீட்க மாதக்கணக்கில் ஆகும்.

படுக்கையை நனைக்கும் குழந்தையைப் பட்டப்பெயர் வைத்து அழைப்பதும், உறவினர்கள் நடுவில் சொல்லிச் சிரிப்பதும் இதே வகைதான். ஐந்து வயதுவரை தூக்கத்தில் நனைப்பதை மருத்துவம் குறையாகக் கணக்கிடுவதே இல்லை. அதன் பிறகும் பல குழந்தைகளுக்கு அது நீடித்துத் தானாக நின்றுவிடுகிறது. 'படுக்கை நனைந்துவிட்டது, விரிப்பை மாற்றலாம்' என்று சொன்னால் போதும். ஆறு மாதங்களுக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இடக்கையால் எழுதும் குழந்தையை அதட்டும்போது 'பீச்சாங்கை' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுவும் கை என்ற காரணத்தால் வந்த வசைச்சொல் அது. ஒரு குழந்தையின் திறமையான கையைக் கழிவோடு கட்டிவைக்கும் அந்தச் சொல்லை, குழந்தைகள் சொல்லும் எந்தக் கெட்ட வார்த்தையையும்விட அநாகரிகமானதாக நான் நினைக்கிறேன்.

படி 5: பள்ளிச் சொல்

சேர்க்கை நாளன்றே ஆசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இங்கே பிள்ளைகள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள்? கழிப்பறை எங்கே இருக்கிறது? பிறகு உங்கள் குழந்தையின் வீட்டுச் சொல் என்ன என்பதை அவருக்குச் சொல்லுங்கள். 'அவன் ஆய் என்பான், பயந்தால் சொல்லமாட்டான், காலைப் பின்னிக்கொண்டு நிற்பான்' என்பது ஆசிரியருக்கு மிகப் பெரிய உதவி. முடிந்தால் வகுப்பு தொடங்கும் முன் குழந்தையை அழைத்துக்கொண்டு போய் அந்தக் கழிப்பறையைக் காட்டிவிடுங்கள். வீட்டில் இருப்பது மேல்நாட்டு முறை, பள்ளியில் இருப்பது இந்திய முறை என்றால், குந்தி உட்காரவும் பழக்க வேண்டியிருக்கும்.

பள்ளி திறப்பதற்கு ஓரிரு வாரங்கள் முன்பு வீட்டிலேயே விளையாட்டாக ஒத்திகை பாருங்கள். நீங்கள் ஆசிரியர், குழந்தை கையைத் தூக்கி 'மிஸ், ஒன்றுக்குப் போக வேண்டும்' என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியானால் 'மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ்?' என்பதையும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுங்கள்: ஆங்கிலம் மறந்துபோனால் தமிழில் கேள், தமிழும் வராவிட்டால் விரலைக் காட்டு. சுண்டு விரலை மட்டும் நீட்டினால் ஒன்றுக்கு, இரண்டு விரல்களைக் காட்டினால் இரண்டுக்கு என்ற சைகை நம் வகுப்பறைகளில் தலைமுறைகளாக இருக்கிறது. அதைவிட நாகரிகமான மொழி வேறில்லை. பாடத்தைக் குறுக்கிடாது, பக்கத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியாது. பேச்சு தாமதமான குழந்தைக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் இந்தச் சைகையையோ, கழிப்பறைப் படம் ஒட்டிய அட்டையையோ கொடுத்தனுப்பலாம்.

'இப்போதுதானே போனாய், உட்கார்' என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதையும் குழந்தை தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'முட்டுகிறது, மிஸ்' என்று இரண்டாம் முறை கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது என்று சொல்லுங்கள். அப்போதும் அனுமதிக்காத வகுப்பாக இருந்தால் அதைப் பேச வேண்டியவர் நீங்கள். கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் எளிதில் வருகின்றன. பெண் பிள்ளைகள் இதில் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். மாலையில் தண்ணீர்க் குப்பி நிரப்பியபடியே திரும்பி வந்தால், பள்ளியில் ஒன்றுக்குப் போனாயா என்று கேளுங்கள்.

படி 6: 'பீ' என்று சொல்லிச் சிரிக்கும் பருவம்

நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இதைக் கடக்கும். சாப்பாட்டு வேளையில் 'கக்கா சாம்பார்' என்பார்கள். குசு என்ற சொல்லைக் கேட்டாலே உருளுவார்கள். ஆங்கில எழுத்துகளில் 'P'யைச் சொல்லும்போது வகுப்பே குலுங்கும். ஒரு சின்னச் சொல்லால் பெரியவர்களின் முகத்தையே மாற்ற முடிகிறது என்ற கண்டுபிடிப்புதான் அவர்களுக்கு இனிக்கிறது. வாயில் அடித்தால் அந்தச் சொல்லின் விலை ஏறும். நீங்களும் சேர்ந்து சிரித்தால் மறுநாள் விருந்தினர் முன் அரங்கேறும்.

முகத்தில் எதையும் காட்டாமல், 'அது கழிப்பறையில் பேசும் பேச்சு. சாப்பிடும் இடத்தில் வேண்டாம். சொல்ல ஆசையாக இருந்தால் அங்கே போய்ச் சொல்லிவிட்டு வா' என்று சொல்லுங்கள். சொல்லைத் தடை செய்யவில்லை, அவையை மாற்றுகிறோம். பார்க்க ஆளில்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்குச் சுவை இல்லை என்பதைக் குழந்தை விரைவில் உணர்ந்துவிடும். குசு விட்டால் சிரிப்பதையும் திட்டுவதையும் விட்டுவிட்டு, 'காற்றுப் பிரிந்துவிட்டது' என்ற சொல்லைக் கொடுங்கள்.

அதோடு, இந்த ஆர்வத்தை வீணாக்காதீர்கள் என்றும் சொல்வேன். கழிவைப் பற்றிப் பேச இவ்வளவு ஆவலாக இருக்கும் குழந்தைக்குத் தமிழ் ஒரு பெரும் சொத்தை வைத்திருக்கிறது. மாடு போடுவது சாணம். ஆடு, எலி போடுவது புழுக்கை. பறவை இடுவது எச்சம். யானை போடுவது லத்தி. கழுதை போடுவது விட்டை. ஒவ்வொரு விலங்குக்கும் தனிப்பெயர், ஒன்றிலும் கூச்சமில்லை, எல்லாவற்றையும் பாட்டியின் முன்னாலேயே உரக்கச் சொல்லலாம். சாணம் எருவாகவும் வறட்டியாகவும் ஆவதையும், பறவையின் எச்சத்தில் விழுந்த விதை கோயில் கோபுரத்தில் அரசமரமாக முளைப்பதையும் காட்டுங்கள். 'இது என்ன போட்டது?' என்று தெருவில் பார்த்துப் பெயர் சொல்லும் விளையாட்டு, எத்தனையோ வீடுகளில் 'பீ' சிரிப்பை ஓய வைத்துவிடும்.

ஆனால் ஓரிடத்தில் கண்டிப்பு வேண்டும். அந்தச் சொல் ஓர் ஆளை நோக்கிப் போகும்போது விளையாட்டு முடிந்துவிடுகிறது. 'மூத்திரம் போனவன்' என்று நனைத்துவிட்ட வகுப்புத் தோழனைக் கேலி செய்தாலோ, துப்புரவுப் பணியாளரைக் கழிவின் பெயரால் அழைத்தாலோ அந்த நொடியே நிறுத்த வேண்டும். கையால் மலம் அள்ளும் வேலையில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடைசெய்து 2013இல் தனிச் சட்டமே வந்தது. அந்த வேலை ஒரு சில சாதிகள்மீது சுமத்தப்பட்டிருந்த வரலாறு இன்னும் வசைச் சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு வயதுக்கு வரலாறு புரியாது. 'நாம் போட்டதை அவர் சுத்தம் செய்கிறார். அவரைப் பெயர் சொல்லி அண்ணா, அக்கா என்று கூப்பிடு' என்பது புரியும்.

படி 7: மருத்துவர் முன்

மருத்துவமனையில் 'மோஷன் போனதா?', 'யூரின் எப்படிப் போகிறது?' என்று கேட்பார்கள். குழந்தை விழிக்கும். ஐந்து வயதுக்கு மேல் மோஷன் என்றால் இரண்டுக்கு, யூரின் என்றால் ஒன்றுக்கு என்று சொல்லிவையுங்கள். சிறுநீர், மலம் என்ற எழுத்துத் தமிழ்ச் சொற்களையும் அப்போதே அறிமுகப்படுத்தலாம். ஆனால் மருத்துவரிடம் எந்தச் சொல்லையும் சொல்லலாம், அங்கே கூச்சமே கூடாது என்பது முதல் விதி.

பெற்றோர் சொல்லும் விவரமும் தெளிவாக இருக்கட்டும். 'வயிறு சரியில்லை' என்றால் மலச்சிக்கலா, வயிற்றுப்போக்கா, சீதபேதியா என்று தெரியாது. எத்தனை முறை, என்ன நிறம், இறுகலா இளகலா, சளியோ இரத்தமோ கலந்திருந்ததா என்று சொல்லுங்கள். மலத்தின் வடிவை ஏழாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாக்கப்பட்டு 1997இல் வெளியானது. அதன் முதல் வகையான தனித்தனி உருண்டைகளை நம் பாட்டிகள் 'ஆட்டுப் புழுக்கை மாதிரி' என்று சொல்லிவந்திருக்கிறார்கள். உங்கள் வாயிலும் அது வரட்டும். மருத்துவருக்கு உடனே விளங்கும். 'உச்சா போனால் சுடுகிறது' என்று குழந்தை சொன்னால் 'உடல் சூடு' என்று இளநீரோடு விட்டுவிடாதீர்கள். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ கூட இருந்தால் அன்றே காட்டுங்கள்.

சிறுநீர் போகும் உறுப்புக்கும் வெளியார் புரிந்துகொள்ளும் பெயர் குழந்தைக்குத் தெரிய வேண்டும். அங்கே வலித்தாலோ, யாராவது தகாத முறையில் தொட்டாலோ, அது சொல்லும் சொல் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் விளங்கினால்தான் உதவி கிடைக்கும். கழுவிவிட யாரெல்லாம் வரலாம் என்பதையும் பெயர் சொல்லி வரையறுத்துவிடுங்கள். சந்தேகம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

படி 8: வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு

லண்டனிலோ டொராண்டோவிலோ வளரும் குழந்தைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் 'பீ' மலத்தைக் குறிக்கும். அதே ஒலி ஆங்கிலத்தில் சிறுநீர். வீட்டுப் பழக்கத்தில் ஆசிரியரிடம் அதைச் சொன்னால் அவர் மாறாகப் புரிந்துகொள்வார். ஆங்கில மழலையில் மலத்துக்கு வழங்கும் 'பூ'வோ நம் கூந்தலில் இருக்கிறது. 'பூ வைத்துக்கொள், கண்ணு' என்று பாட்டி தொலைபேசியில் சொன்னதும் பேத்தி திகைத்து நிற்கும். அங்கே இரு மொழிச் சொற்களையும் அருகருகே வைத்து, இது பாட்டியிடம், இது பள்ளியில் என்று மூன்று வயதிலேயே பிரித்துக் காட்டிவிடுங்கள். குழந்தைகள் இதை நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

படி 9: மழலையிலிருந்து வெளியே வருதல்

ஏழு, எட்டு வயதில் பிள்ளைகளே உச்சாவையும் கக்காவையும் விட்டுவிடுவார்கள். நண்பர்கள் முன்னால் அம்மா 'உச்சா போனாயா?' என்று கேட்டால் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது, சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது அவர்களுக்குத் தேவை அந்நியர் வீட்டிலும் திருமண மண்டபத்திலும் ஊர்ப் பயணத்திலும் கேட்க ஒரு வாக்கியம். 'அத்தை, பாத்ரூம் எந்தப் பக்கம்?' 'அண்ணா, இங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது?' இடத்தைக் கேட்டாலே போதும், காரியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் பயணத்தில் மட்டும் விதிவிலக்கு. 'அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும், கொஞ்சம் நிறுத்துவீர்களா?' என்று நடத்துநரிடம் வெளிப்படையாகக் கேட்கும் துணிவு வேண்டும். அடுத்த முறை நெடுந்தூரப் பயணம் போகும்போது, நீங்கள் எழுந்து போகாமல் உங்கள் மகளையே கேட்கச் சொல்லிப் பாருங்கள்.